பத்து மணிக்கு மேல் கூத்து நடக்குமா? பண்பாட்டில் அரசின் கை படும் இடங்கள்

தெருக்கூத்து விடிய விடிய நடக்கும் கலை. களரி கட்டி, மத்தளம் முழங்கி, கட்டியங்காரன் வந்து கதையைத் தொடங்கவே ஊர் உண்டு முடித்த நேரமாகிவிடும். கதை உச்சத்துக்கு வரும்போது கோழி கூவும். மத்திய அரசு 2000 ஆம் ஆண்டு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக் காலங்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது.

இந்த விதியை எழுதியவர்கள் கூத்தை நினைத்து எழுதவில்லை. நோயாளிகள், மாணவர்கள், உறக்கம் ஆகியவற்றை நினைத்து எழுதினார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் கூத்து எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், எவ்வளவு நேரம் நடக்கலாம் என்பதைக் கலை பண்பாட்டுத் துறையின் எந்தத் திட்டத்தையும்விட இந்த விதிதான் அதிகம் தீர்மானிக்கிறது. விழாக் குழுவுக்கு மூன்று வழிகள்தான் உண்டு: மாலையிலேயே தொடங்கிக் கதையைச் சுருக்குவது, ஒலிபெருக்கி இல்லாமல் ஆடுவது, அல்லது உள்ளூர்க் காவல் நிலையம் கண்டும் காணாமல் இருக்கும் என்று நம்புவது. மூன்றாவது வழியில் போகும் ஊரில், ஒரே ஒருவர் புகார் கொடுத்தாலும் ஆட்டம் பாதியில் நிற்கும்.

பண்பாட்டுக் கொள்கை என்றதும் விருது, விழா, மணிமண்டபம் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். அவை கண்ணில் படுவதற்காகவே செய்யப்படுபவை. உண்மையில் வேலை செய்வது வேறு இடங்களில்: ஒரு விதியில் உள்ள மணி, ஒரு வரியின் விழுக்காடு, ஒரு எல்லைக்கோட்டின் தூரம், ஒரு பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது. தமிழ்நாட்டில் நடந்தவற்றைக் கொண்டே அவற்றைப் பார்ப்போம்.

முதல் கேள்வி: அதிகாரம் யார் கையில்?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் வேலைகளைப் பங்கு போடுகிறது. பண்பாடு அதில் ஒரே இடத்தில் இல்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள் மத்தியப் பட்டியலில் 67 ஆவது இனம். மற்றச் சின்னங்களும் மாநில நூலகங்களும் அருங்காட்சியகங்களும் மாநிலப் பட்டியலில் 12. நாடகம், திரையரங்கு, விளையாட்டு, கேளிக்கை ஆகியவை மாநிலப் பட்டியலில் 33. திரைப்படத்துக்குச் சான்றிதழ் தருவது மட்டும் மத்தியப் பட்டியலில் 60. விலங்கு வதைத் தடுப்பு, இரண்டு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 17.

சல்லிக்கட்டு வழக்கு புரிய வேண்டுமானால் இந்தக் கடைசி எண் தெரிய வேண்டும். தமிழ்நாடு 2009 இல் சல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. 2011 இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டம் 1960 ஆம் ஆண்டின் மத்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று கூறி அதைச் செல்லாததாக்கியது. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். அதற்கு ஒரே விலக்கு, குடியரசுத் தலைவரின் ஒப்புதல்.

2017 சனவரியில் மெரினாவில் கூடிய கூட்டம் அரசியல் அழுத்தத்தைக் கொடுத்தது. சட்ட வரைவாளர்கள் செய்தது வேறொன்று. இம்முறை தனிச் சட்டம் எழுதாமல், 1960 ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்கே தமிழ்நாட்டு அளவில் ஒரு திருத்தமாக எழுதினார்கள்; குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றார்கள். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2009 சட்டம் விழுந்ததும் 2017 திருத்தம் நின்றதும், பெரும்பகுதி இந்த வடிவ வேறுபாட்டால்தான்.

சட்டம் விளையாட்டைக் காப்பாற்றியது. கூடவே மாற்றியும் விட்டது. மாடுபிடி வீரர் திமிலை மட்டுமே பிடிக்கலாம். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. இவ்வளவு தூரம் அல்லது இத்தனை துள்ளல் வரை தாக்குப்பிடித்தால் வெற்றி என்று விதி அளந்து சொல்கிறது. மருத்துவச் சோதனை, இரட்டைத் தடுப்பு வேலி, மாவட்ட ஆட்சியரின் அனுமதி எல்லாம் கட்டாயம். மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா என ஊருக்கு ஊர் வேறுபட்டவை எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. எந்த ஊரில் நடத்தலாம் என்பதையும் அரசு அறிவிக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாத ஊரில், அது எத்தனை தலைமுறை வழக்கமாக இருந்தாலும், நடத்தினால் வழக்குதான்.

நூறு மீட்டர்

பழைய கட்டடங்களைக் காப்பதற்கான முதன்மைச் சட்டம் 1958 இல் வந்தது. குறைந்தது நூறு ஆண்டு பழமையான ஒன்றைத் தேசிய முக்கியத்துவம் உடையதாக அறிவிக்க மத்திய அரசு எண்ணினால், முதலில் அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். மறுப்புச் சொல்ல இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அதன் பிறகே இறுதி அறிவிப்பு. அப்படி அறிவிக்கப்பட்டவற்றை இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரச் சிற்பங்கள், செஞ்சிக் கோட்டை போன்றவை இதில் வரும்.

2010 திருத்தம் இந்தச் சட்டத்தை அக்கம்பக்கத்து வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டடம் எழுப்ப முடியாது. இருப்பதைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதியோடு கட்டலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று: அளவு தொடங்குவது கோபுரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ அல்ல, அரசிதழ் அறிவிப்பில் குறித்த நிலப்பரப்பின் விளிம்பிலிருந்து. சின்னத்துக்கும் உங்கள் மனைக்கும் நடுவே 150 மீட்டர் இருக்கலாம்; பாதுகாக்கப்பட்ட நிலத்தின் விளிம்பிலிருந்து 70 மீட்டர்தான் இருக்கும். மனை வாங்குகிறவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கிறார். இந்த எல்லை அவற்றில் இருப்பதில்லை. கடன் வாங்கி, அடித்தளம் தோண்டிய பிறகு அறிவிப்பு வந்து ஒட்டப்படும்.

ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் கட்ட விரும்புகிறவர் தகுதிவாய்ந்த அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் 15 நாளுக்குள் அதைத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அலுவலர் அனுமதி தரவோ மறுக்கவோ வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட மூன்றரை மாதம். அதன் பிறகுதான் உள்ளாட்சி அமைப்பின் கட்டட அனுமதி.

இச்சட்டத்தின் உண்மையான பலவீனம் தூரத்தில் இல்லை, அது ஒரே தூரமாக இருப்பதில் இருக்கிறது. வானுயர்ந்த கோயில் விமானத்துக்கும், வயல் நடுவே இருக்கும் ஒரு கல்வட்டத்துக்கும், குறுகிய தெருவுக்குள் இருக்கும் சிறு கோயிலுக்கும் அதே நூறு மீட்டர். இதைச் சரிசெய்யவே, ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகப் பாரம்பரிய துணைவிதிகள் எழுத வேண்டும் என்று அதே திருத்தம் சொன்னது. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட சின்னங்களில் அப்படி எழுதி முடிக்கப்பட்டவை சிலவே. மாமல்லபுரம் போன்ற ஊரில் சின்னங்கள் ஊரெங்கும் இருப்பதால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஊரின் பெரும்பகுதியை மூடுகின்றன. மகனுக்கு மாடி கட்ட முடியாதவருக்குப் பல்லவர் மீது பெருமிதம் வருவது கடினம். பாதுகாப்பு என்பதே பக்கத்து வீட்டுக்காரரை எதிரியாக்கிவிட்டால், அந்தச் சின்னத்தை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களை அரசு இழந்துவிடுகிறது.

இனி, அறிவிக்கப்படாதவை. மாநிலத்துக்கென்று 1966 இல் ஒரு சட்டம் உண்டு. மாநிலத் தொல்லியல் துறை அதன் கீழ் சில சின்னங்களைக் காக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் பழமையின் பெரும்பகுதி இந்த இரண்டு துறைகளிடமும் இல்லை. இந்து சமய அறநிலையத் துறையின் மேற்பார்வையில் உள்ள முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களில் இருக்கிறது. அவை வழிபாட்டுக்காக நிர்வகிக்கப்படுபவை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு, அதற்கு முன் திருப்பணி என்பது அவற்றின் ஒழுங்கு. திருப்பணி என்றால் பக்தருக்கு ‘புதிதாகப் பளிச்சென்று’ என்று பொருள். தொல்லியலாளருக்கு அதுவே அச்சம். சுவரைச் சுத்தம் செய்யக் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போயிற்று. சில மில்லிமீட்டர் ஆழமே இருந்த கல்வெட்டு எழுத்துகளும் மழுங்கின. கெட்ட எண்ணத்தில் எவரும் செய்யவில்லை. ஒப்பந்தத்தில் ‘சுவர் சுத்தம் செய்தல், சதுர அடிக்கு இவ்வளவு’ என்று எழுதினால், ஒப்பந்தக்காரர் விரைவான வழியைத்தான் எடுப்பார். பிறகு அந்த முறை தடை செய்யப்பட்டது. போன எழுத்து போனதுதான்.

இப்படிப்பட்ட இடைவெளியை அடைக்கத் தமிழ்நாடு 2012 இல் பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 2021 சூனில் சென்னை உயர் நீதிமன்றம், கோயில்களையும் சின்னங்களையும் காப்பது பற்றி 75 வழிகாட்டுதல்களோடு தீர்ப்பளித்தபோதும் அந்த ஆணையம் அமைந்திருக்கவில்லை. சட்டமன்றத்தில் நிறைவேறுவது ஒன்று. ‘இந்த நாள் முதல் நடைமுறைக்கு வருகிறது’ என்று அரசிதழில் அறிவிப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடலாம். செய்தித்தாள் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடும். இரண்டாவதைப் பெரும்பாலும் போடாது.

சில இடங்களில் ஒரே கட்டடத்துக்குப் பல எசமானர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையிடம். வழிபாடும் நிர்வாகமும் அரண்மனை தேவஸ்தானத்திடம். அதன் பரம்பரை அறங்காவலர் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் மூத்தவர். அதை மேற்பார்வையிடுவது அறநிலையத் துறை. 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தபோது எந்த மொழியில் நடத்துவது என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. தமிழ், சமற்கிருதம் இரண்டிலும் நடத்தலாம் என்று முடிந்தது. இத்தனை பேர் உள்ள இடத்தில் ஒரு குழாய் கசிந்தால்கூட, அது யாருடைய வேலை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

வரி: படத்தின் பெயரை மாற்றிய கருவி

தடை போடாமலே மக்களின் நடத்தையை மாற்ற வரி போதும். 2006 இல் தமிழ்நாடு அரசு, தமிழில் பெயர் வைக்கும் திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என்று அறிவித்தது. ஆங்கிலப் பெயர் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஆண்டே ‘எம்டன் மகன்’ என்று விளம்பரமான படம் ‘எம் மகன்’ ஆயிற்று. ‘சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்’ என்பதில் முதல் இரண்டு சொற்கள் உதிர்ந்தன. தலைப்பைத் தாண்டி ஒரு சொல்கூட மாறத் தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வசனம் எப்படியும் இருக்கலாம். தலைப்பு தமிழாக இருந்தால் போதும். அளக்க எளிதானதைத்தான் அரசு அளக்கும். அளக்கப்படுவது மட்டுமே மாறும்.

2011 இல் நிபந்தனைகள் கூடின: தமிழ்த் தலைப்பு மட்டும் போதாது, அனைவரும் பார்க்கத்தக்கது என்ற ‘யு’ சான்றிதழும் வேண்டும். இந்த ஒரு நிபந்தனையின் விளைவு நுட்பமானது. சான்றிதழ் தருவது மத்திய வாரியம். வரி விலக்குத் தருவது மாநிலம். ‘யு/ஏ’வுக்கும் ‘யு’வுக்கும் இடையே அதுவரை இருந்த வேறுபாடு, பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. இப்போது அதற்கு 30 விழுக்காடு வரையான விலை வந்துவிட்டது. 100 ரூபாய்ச் சீட்டில் 30 ரூபாய் என்றால், இரண்டு சண்டைக் காட்சிகளை வெட்டிக்கொடுத்து ‘யு’ வாங்குவதே தயாரிப்பாளருக்கு லாபம். தணிக்கை வாரியம் கேட்காத வெட்டை வரிச் சலுகை கேட்டு வாங்கியது.

அந்த 30 ரூபாய் யாருக்குப் போயிற்று? விலக்கு ஆணையில் ‘சீட்டு விலையையும் குறைக்க வேண்டும்’ என்று இருந்தால் பார்வையாளருக்கு. இல்லாவிட்டால் திரையரங்குக்கும் விநியோகஸ்தருக்கும் தயாரிப்பாளருக்கும். வரிச் சலுகையைப் பற்றிய எந்த அறிவிப்பைப் படித்தாலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மாநிலத்தின் கேளிக்கை வரி அதில் கரைந்தது. ஆனால் அரசமைப்புத் திருத்தம் ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருந்தது: உள்ளாட்சி அமைப்புகள் கேளிக்கை வரி விதிக்கலாம். தமிழ்நாடு அதைப் பயன்படுத்த, இரண்டு வரியும் சேர்ந்து தாங்காது என்று திரையரங்குகள் சில நாள் மூடப்பட்டன. பேச்சுவார்த்தைக்குப் பிறகு தமிழ்ப் படத்துக்குக் குறைவாகவும் பிறமொழிப் படத்துக்குக் கூடுதலாகவும் விகிதம் வைக்கப்பட்டது. பெயருக்குச் சலுகை என்பது மொழிக்குச் சலுகையாக உருமாறியது.

அபராதமும் ஒரு வகை விலைதான். கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும், தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற அளவிலும் இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. மீறினால் அபராதம் நெடுங்காலம் வெறும் 50 ரூபாய். நகரின் பெரிய கடைத்தெருக்களில் ஒருமுறை நடந்து பார்த்தால் அந்தத் தொகை என்ன சாதித்தது என்று தெரியும்.

நூலக வரி

தமிழ்நாட்டுப் பண்பாட்டுக் கொள்கைகளில் மிகச் சிறப்பாக வரையப்பட்டது எது என்று கேட்டால், 1948 ஆம் ஆண்டு சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டத்தைச் சொல்லலாம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அது. நூலக அறிவியலாளர் சீ. இரா. அரங்கநாதனின் நீண்ட உழைப்பும், அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் அவர்களின் ஆர்வமும் அதன் பின்னால் இருந்தன. அதன் இதயம் ஒரே ஏற்பாடு: சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று தனி வரி. இப்போது அது சொத்து வரியில் 10 விழுக்காடு. நீங்கள் ஆண்டுக்கு 4,000 ரூபாய் சொத்து வரி கட்டினால் 400 ரூபாய் நூலகத்துக்கு.

இதன் அழகு, நிதியமைச்சரின் மனநிலையை நம்பி இருக்க வேண்டாம் என்பதுதான். 1967 இல் மகாராட்டிரமும் 1979 இல் மேற்கு வங்கமும் நூலகச் சட்டம் இயற்றின. ஆனால் இந்த வரியை வைக்கவில்லை. அங்கே நூலகம் ஒவ்வோர் ஆண்டும் மானியத்துக்குக் கையேந்த வேண்டும். இங்கே நகரம் வளர வளர, வீடுகள் பெருகப் பெருக, நூலகத்தின் வருமானமும் தானாக வளரும். கோட்பாட்டளவில்.

நடைமுறையில் பணம் நடுவழியில் நின்றுவிடுகிறது. வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. அவர்கள் அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். வசூலாகும் தொகை உள்ளாட்சியின் பணத்தோடு கலந்து, சம்பளம், மின்கட்டணம், சாலைப் பணி என்று செலவாகிவிட, நூலகத்துக்குப் பாக்கி சேரும். நிலுவைத் தொகை கோடிகளில் ஏறியதாகச் செய்தி வருவதும், ஓரளவு கட்டப்படுவதும், மறுபடி ஏறுவதும் வழக்கம். வசூலிக்கிறவரும் செலவழிக்கிறவரும் வேறு வேறாக இருக்கும் எந்தத் தனி வரியிலும் இந்த நோய் வரும். மருந்து எளிது: வரி கட்டும் நொடியிலேயே அந்தப் பங்கு தனிக் கணக்குக்குப் பிரிந்து போக வேண்டும். இணையவழியில் சொத்து வரி கட்டும் காலத்தில் இது தொழில்நுட்பச் சிக்கலே இல்லை.

இந்த வரி பதிப்புலகத்தையும் வடிவமைத்திருக்கிறது. தமிழில் ஒரு நூல் அச்சாகும்போது பதிப்பாளர் மனத்தில் ஓடும் கணக்கில் நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்காக நூலை வாங்கும் ஆணை, கிடைக்குமா என்பது முக்கியமான கேள்வி. ஆணை வந்தால் அச்சுச் செலவு திரும்பிவிடும். கடையில் விற்பது அதற்கு மேல். ஆணை சில ஆண்டுகள் தள்ளிப்போனால் சிறு பதிப்பகம் மூச்சுத் திணறும். பக்கக் கணக்கில் விலை நிர்ணயித்தால் நல்ல தாளுக்கும் நல்ல அட்டைக்கும் ஊக்கம் குறையும். பக்கம் கூடிய நூலுக்கு ஊக்கம் கூடும்.

ஓய்வும் சட்டம்தான்

தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்கிறவர் பொங்கலுக்கு ஊருக்குப் போக முடிவது, 1958 ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தால். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து விழா விடுமுறைகளையும் சம்பளத்தோடு தர வேண்டும் என்கிறது அது. எந்த ஐந்து என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு நிறுவனத்தின் பண்பாட்டுக் கொள்கை வெளிப்பட்டுவிடும்.

விளையாட இடம் எங்கிருந்து வருகிறது? மனைப்பிரிவிலிருந்து. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமாகத் தரலாம், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000 வரை எதுவும் வேண்டாம். ஆகவே நடுத்தர அளவு மனைகள் பெரும்பாலும் பணமாக மாறும். அந்தப் பகுதியில் பூங்கா வராது. பெரிய மனைகளில் நிலம் தரப்படும், ஆனால் மூலையில், குடியிருப்பின் மதிலுக்குப் பின்னால், வெளியார் நுழைய முடியாத வழியில். ஆவணத்தில் பொதுப் பூங்கா; நடைமுறையில் தனியார் தோட்டம். திறந்தவெளிக்குப் பொதுச் சாலையிலிருந்து நேர் வழி இருக்கிறதா என்பதை மனைப்பிரிவு வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

அங்கீகாரம், பட்டியல்

ஓர் ஊரின் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரியதாக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தி வந்தால் ஊரே மகிழும். காஞ்சிப் பட்டு, தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை எனப் பலவற்றுக்கு அது உண்டு. நாட்டுக்கான பதிவகமே சென்னையில்தான் இருக்கிறது. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பலர் அறியாதது: குறியீட்டைச் சங்கமோ அரசுத் துறையோ பெற்றுவிட்டால் நெசவாளருக்குத் தானாக உரிமை வந்துவிடாது. ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சான்றிதழ் அலுவலகச் சுவரில் தொங்கும். விசைத்தறிப் புடவை அதே பெயரில் விற்கும்.

அங்கீகாரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. 2008 இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011 இல் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பல வீடுகளில் சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி வைத்தார்கள். விடுமுறையையும் அலுவலகத்தையும் அரசால் மாற்ற முடிந்தது, அடுப்படியை அல்ல.

பரபரப்பில்லாத ஆனால் பலனுள்ள வேலை பட்டியலிடுவது. நூறு ஆண்டு பழமையான சிலைகளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்கிறது 1972 ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம். ஆனால் வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலை நம் ஊர்க் கோயிலுடையது என்று எப்படி மெய்ப்பிப்பது? அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர் 2014 இல் ஆத்திரேலியாவிலிருந்து திரும்பியதில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. இப்படி ஒரு நாள் உதவும் என்று தெரியாமலே பல ஆண்டுகள் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்த படங்கள் அவை. படம் இல்லாத சிலை திருடுபோனால் புகாரில் ‘உலோகச் சிலை, ஏறத்தாழ மூன்றடி’ என்றுதான் எழுத முடியும். அதை வைத்து எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது.

ஓர் அறிவிப்பை எப்படிப் படிப்பது

சட்டமன்றத்தில், விவாதமின்றி அறிக்கை வாசிக்க இடம் தரும் 110 ஆவது விதியின் கீழ் ஓர் அருங்காட்சியகம் அறிவிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விருப்பம் மட்டுமே. அடுத்து நிர்வாக ஒப்புதல் தரும் அரசாணை வர வேண்டும். அதில் தொகையும் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து செலவு என்பதும் இருக்கும். பிறகு நிலம் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிலம் மாறி வராமல் ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. பல திட்டங்கள் இங்கேதான் படுத்துவிடும். கட்டடம் முடிந்தாலும் பணியிடங்களுக்குத் தனி ஆணை வேண்டும். காப்பாட்சியர், மின்பணியாளர், காவலர் ஆகிய இடங்கள் ஒப்பளிக்கப்படாவிட்டால் திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டுத்தான்.

ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வெளியிடும். தமிழ்நாடு அரசின் இணையத்தளத்தில் கிடைக்கும். இந்த ஆண்டுக் குறிப்பை மட்டும் படித்துப் பயனில்லை. மூன்று ஆண்டுக் குறிப்புகளை வரிசையாக வைத்து, ஒரே திட்டம் ‘மேற்கொள்ளப்படும்’, ‘மேற்கொள்ளப்பட்டு வருகிறது’, ‘முடிக்கப்பட்டது’ என்று நகர்கிறதா, அல்லது சத்தமில்லாமல் காணாமல் போகிறதா என்று பாருங்கள். வரவு செலவுத் திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையைவிட, மறு ஆண்டில் வரும் திருத்திய மதிப்பீடும் அதற்கடுத்த ஆண்டில் வரும் உண்மைச் செலவுமே நம்பத்தக்கவை.

மீதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் பதில் வராது; ‘எவ்வளவு, எந்த நாளில், நகல் தருக’ என்று கேட்டால் வரும். உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்: கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகையும் செலுத்திய நாளும், இன்றைய நிலுவை, செலுத்தியதற்கான ஆவணங்களின் நகல். இதே கேள்வியை வரவுப் பக்கமாக மாற்றி நூலக ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். இரண்டு பதில்களிலும் தொகை ஒன்றாக இல்லாவிட்டால், அந்த இரண்டையும் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் உங்கள் வார்டு உறுப்பினருக்கும் மனுக் கொடுக்கலாம். பதிலே வராவிட்டால், கெடு முடிந்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும்.